மிச்சம் நாலு மாதம் ஆறு நாள்

என் வாப்பாவை நான் ஒரு தடவை மௌத்தாக்கியிருக்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று, நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கொஞ்சம் முன்னால், வீடு முழுக்க இறைச்சிக் கறி மணத்துக்கொண்டிருந்த நேரத்தில். ஆயுதம், நானே எழுதிய ஒரு கம்பியூட்டர் புரோகிராம். சாட்சிக்கு ஊரே இருக்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் என்றால் பாருங்களேன்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. பல்கலைக்கழகத்தில் கம்பியூட்டர் படித்து முடித்துவிட்டு, சாய்ந்தமருதில் வீட்டோடு இருந்தேன். கேட்பவர்களிடம், சொந்தமாக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லித் திரிந்தேன். (வேலை கிடைக்கவில்லை.) உலகத்தில் எல்லாரும் பிழை விடுவார்கள், மெஷின் மட்டும் விடாது, அந்த மெஷினுக்குப் புத்தி சொல்லுகிற நான் அறவே விடமாட்டேன் என்பது அன்றைய என் கொள்கை. அந்தப் பெண்ணை இன்றைக்குத் தெருவில் கண்டால் நானே இரண்டு அறை விடுவேன்.

வாப்பா வட்டவிதானை. எந்த வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் திறக்கும், யார் இன்னும் வரம்பு கட்டவில்லை, யாருடைய மாடு யாருடைய வேளாண்மைக்குள் நிற்கிறது என்று வயல் முழுக்கக் கூவிச் சொல்லுகிற வேலை. வயலில் அவர் கூப்பிட்டால் மூன்று வாய்க்காலுக்கு அப்பால் கொக்கு எழும்பும். வீட்டுக்குள் வந்தால் அந்த மனிதருக்கு வாயே கிடையாது. சோறு வேண்டும் என்றால் தலை ஆடும், வேண்டாம் என்றால் கை ஆடும். உம்மாவோடு வாழ்ந்த முப்பத்தாறு வருடத்தில் அவர் வீட்டுக்குள் சத்தமாகச் சொன்ன வசனம் ஒன்றே ஒன்று. அதுவும் கரண்ட் போகும்போது மட்டும்தான் வரும்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு. சுனாமி வந்த காலையில், அலைக்கு முன்னால் கடல் சத்தம் ஒரேயடியாக நின்றுபோனது என்று உம்மா சொல்லுவா. காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. அதற்குப் பிறகுதான் ஓட்டம். அன்றிலிருந்து உம்மாவுக்குத் திடீர் அமைதி ஆகாது. கரண்ட் போய், மின்விசிறியும் பிரிட்ஜும் ஒரே நொடியில் நின்றால், பட்டப்பகலிலும் உம்மா நின்ற இடத்தில் உறைந்துபோவா. அப்போது வாப்பா வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும், வயலுக்கென்று வைத்திருக்கிற அந்தக் குரலில் கூப்பிடுவார்:

"இவடத்தான் இரிக்கன்!"

அவ்வளவுதான். இங்கேதான் இருக்கிறேன் என்று கேட்டதும் உம்மா மூச்சை விட்டு, விட்ட வேலையைத் தொடருவா.

அந்த வருடம் வாப்பாவுக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தது. உம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அதனால் அவ போகவில்லை. எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர், பயணத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய், ஏதும் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார். திரும்பி வருவதும் வராததும் அல்லாஹ்வின் கையில் என்பதால் வசிய்யத்தும் எழுதி வைப்பார். தான் மௌத்தானால் யார் என்ன செய்ய வேண்டும், யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்ற கடைசிச் சொல். வழக்கமாக அது ஒரு கொப்பித் தாளில் அலுமாரித் துணிக்கு அடியில் கிடக்கும். வீட்டில் எல்லாரும் ஒரு தடவையாவது களவாக வாசித்தும் இருப்பார்கள்.

இந்தக் களவைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. அமானத், அதாவது நம்பி ஒப்படைத்தது, என்று பெயர் வைத்து ஒரு புரோகிராம் எழுதினேன். ஹாஜியார் தன் வசிய்யத்தைக் கம்பியூட்டரில் எழுதுவார். அது உடனே யாரும் வாசிக்க முடியாத குப்பையாக மாறிக் கிடக்கும். அவர் போன இடத்திலிருந்து ஒவ்வொரு நாளும் தன் போனில் 'சுகம்' என்ற பொத்தானை ஒரு தடவை அமர்த்த வேண்டும். மூன்று நாள் அமர்த்தாவிட்டால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம்; வசிய்யத்து தானாகத் திறந்து மனைவியின் போனுக்குப் போகும். ஹஜ்ஜுடைய முக்கியமான நாட்களே ஐந்து, அந்த ஐந்து நாளும் இலட்சக்கணக்கான பேர் நெருக்கியடிக்கிற இடத்தில் போன் பிடிப்பதே பெரும்பாடு என்று தெரிந்த ஊரில் இருந்துகொண்டு, மூன்று நாள் என்பதை எந்த ஞானத்தில் வைத்தேனோ தெரியாது. அந்த வருடம் ஊரிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன எல்லாரிடமும் போய்ச் சொன்னேன். எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள், தேத்தண்ணி தந்தார்கள், கொப்பித் தாளில் எழுதினார்கள். என்னை நம்பிக் கம்பியூட்டரில் எழுதியவர் ஒரே ஒருவர். பெற்ற கடன்.

வாப்பா முன்னறையில் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, என்னை வெளியே போகச் சொல்லிக் கையை ஆட்டினார். கதவு சாத்தப்பட்டது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிற சத்தம் வெளியே கேட்டது. தட்டும், நிற்கும், நெடுநேரம் ஒன்றும் கேட்காது, மறுபடி தட்டும். ஒரு மணித்தியாலம் போனது. உம்மா குசினிக்குள்ளிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தா. முப்பத்தாறு வருடத்தில் தனக்கு ஒரு கடிதம் எழுதாத மனிதர் உள்ளே என்ன எழுதுகிறார் என்ற யோசனை அவவின் முகத்தில் இருந்தது. வெளியே வந்த வாப்பாவின் சட்டை முதுகு நனைந்திருந்தது.

இனிக் கொஞ்சம் தொழில் கதை. பயப்பட வேண்டாம், சாவியும் பூட்டும்தான். எழுத்தைக் குறியாக்கம் செய்வது என்றால், எழுதியதை ஒரு சாவி கொண்டு குலைத்து வைப்பது. அதே சாவியைப் போட்டால் குலைந்தது மறுபடி எழுத்தாகும். வேறு சாவி போட்டால் ஆகாது. சேர்வரில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு எல்லாம் ஆயத்தமாகவே கிடைக்கும், பத்துப் பதினைந்து வரி எழுதினால் போதும். ஆனால் முறைகள் பலவிதம். சில முறைகள் சாவி பிழைத்தால் கத்திக் கூச்சல் போட்டு வேலையை நிறுத்திவிடும். நான் முதலில் போட்டது அப்படி ஒன்று. திரையில் சிவப்புச் சிவப்பாக எரர் வந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. என்னைக் கேள்வி கேட்க இது யார்? ஆகவே எதற்கும் கத்தாத ஒரு முறைக்கு மாறினேன். அதற்கு எந்தச் சாவியைக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் எதையோ ஒன்றை எடுத்து நீட்டும். அதற்குப் பிறகு ஒரு எரரும் வரவில்லை. 'ஹலோ' என்று எழுதிப் பூட்டினேன், திறந்தேன், 'ஹலோ' வந்தது. சோதனை முடிந்தது. (ஓம், அவ்வளவுதான் சோதனை.)

கம்பியூட்டர் பழசு. கரண்ட் போனால் அதுவும் போகும். ஆனால் கரண்ட் வந்ததும் தானே எழும்பி, தானே என் புரோகிராமைத் தொடங்கும்படி செய்து வைத்திருந்தேன். ஆளில்லாமல் தானாக எழும்புகிற அந்த வித்தையை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

வாப்பா கொழும்பிலிருந்து போகிற ஒரு கூட்டத்தோடு போனார். எங்கள் ஊர் ஆட்கள் அதில் வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு நாளும் பொத்தான் அமர்ந்தது. உம்மாவும் நானும் திரையில் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் காலைச் சாப்பாடு. மினாவுக்குப் போன முதல் நாளும் அமர்ந்தது. பிறகு இல்லை.

சவூதிக்கு ஒரு நாள் பிந்தி வந்த எங்கள் பெருநாள் அன்று, தொழுகைக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள், கறி அடுப்பில் இருந்தது. உம்மாவின் போன் கிணுகிணுத்தது. உம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது, கையில் வேறு இஞ்சி. பக்கத்தில் நின்ற மாமியிடம், வாப்பாவின் தங்கச்சி அவ, போனைக் கொடுத்து வாசிக்கச் சொன்னா. மாமி வாசிக்கத் தொடங்கியதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த வசனங்கள் நான் எழுதியவை. மௌத்துச் செய்தி கேட்டால் ஓதுகிற இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன் என்று தொடங்கி, உங்கள் அன்புக்குரியவர் உங்களுக்காக விட்டுச்சென்ற கடைசிச் சொல் இது என்று முடிகிற தலைப்பு. எழுதிய நாளில் அழகாக இருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்ட தலைப்பு. மாமி அதற்குக் கீழே வந்து நின்றா. பிறகு போனைத் தூரப் பிடித்துப் பார்த்தா. பிறகு அவவின் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு அக்கம்பக்கம் நாலு வீடு வேலியைத் தாண்டி வந்தது.

தலைப்புக்குக் கீழே இருந்தது எழுத்தே இல்லை. கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறிகள், வரிசையாக. நடுவில் எந்தப் பாஷை என்று தெரியாத இரண்டு மூன்று கொக்கிகள். கடைசியில், தனியாக, தெளிவாக, நூன் என்கிற ஒரு அரபு எழுத்து. புள்ளியோடு.

"இது ஹயாத்தா இரிக்கிற மனிசன் எழுதினதில்ல, மச்சி," என்றா மாமி உம்மாவிடம். உயிரோடு இருக்கிறவர் எழுதியதில்லை என்று அவ சொன்னதும், கூடி நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

வாப்பாவின் போனுக்கு எடுத்தேன், அடைத்திருந்தது. கூட்டிப்போன முகவரின் போனும் கிடைக்கவில்லை. பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன்னால், பள்ளிவாசலில் தொழுவிக்கிற ஹஸ்ரத் வந்தார். நிதானமான மனிதர். அந்தக் கேள்விக்குறிகளை நெடுநேரம் பார்த்தார். நூனைப் பார்த்தார். பிறகு என்னை முன்னறைக்குக் கூப்பிட்டு, எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"மகள், இது நீங்க செஞ்ச சாமான்தானே. இது பிழையா அனுப்பியிருக்க வழி இரிக்கா?"

அந்தக் கேள்விக்கு ஒரு நொடி யோசித்திருக்கலாம். தெரியாது ஹஸ்ரத் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் கம்பியூட்டரைப் பார்த்தேன். மூன்று நாள் பொத்தான் அமரவில்லை, சரி. நேரத்துக்குத் திறந்திருக்கிறது, சரி. எங்கேயும் ஒரு எரர் இல்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் தொண்டையில் அந்தப் பெருமை இருந்தது.

"பிழை ஒண்டும் காட்டயில்ல, ஹஸ்ரத்," என்றேன். "என்ட புரோகிராம் பிழைக்காது."

வாப்பாவின் மௌத்துக்கு நான் உத்தரவாதம் கொடுத்தேன். அஸருக்குப் பிறகு ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள்.

உம்மா இத்தாவுக்குள் போனா. கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் அடங்கியிருப்பது எங்கள் முறை. நகை இல்லை, நிறத்துணி இல்லை, வேற்று ஆண்கள் முகம் பார்க்கிற பேச்சே இல்லை. மாமி வெள்ளைச் சேலை கொண்டுவந்தா. பெருநாளுக்கென்று போட்ட வளையல்களை உம்மா ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் தந்தா.  அழவில்லை. அறைக்கதவு சாத்தியது. கறி அடுப்பில் கிடந்து கரிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலை பத்து மணியளவில் கரண்ட் போனது. எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்ததாம். வீடு நிறைய ஆட்கள் இருந்தும், மின்விசிறி நின்ற அந்த நொடியில் எல்லோருடைய பேச்சும் ஒன்றாக நின்றது. நான் என்னை அறியாமல் காதைத் தீட்டினேன். எந்த மூலையிலிருந்தும் ஒரு குரலும் வரவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் உம்மாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பா.

அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. முன்னறையில் கம்பியூட்டர் உறுமி, யாரும் தொடாமல் தானே எழும்பியது. குர்ஆன் ஓத வந்திருந்த பெண்கள் சால்வையை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். நான் போய் வாப்பாவின் வசிய்யத்தைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால், இன்னொரு தடவை அந்த நூனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

நூன் இல்லை. அந்த இடத்தில் வேறொன்று இருந்தது. கேள்விக்குறிகள் இடம் மாறியிருந்தன. கொக்கிகள் வேறு கொக்கிகள். நேற்று உம்மாவின் போனுக்கு வந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முழுவதும் வேறு. நான் ஒன்றையும் மாற்றவில்லை. யாரும் தொடவில்லை. பூட்டி வைத்த இடத்தில் அந்தக் குப்பை வாப்பா எழுதிய நாளிலிருந்து அப்படியே கிடந்தது, நானே சரிபார்த்தேன். ஆனால் திறந்தால் வேறு வருகிறது. மாமி என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டா.

"மாத்தி எழுதியிரிக்காரு," என்றா, மெதுவாக.

நான் நாலு வருடம் கம்பியூட்டர் படித்தவள். அந்த நேரத்தில் என் படிப்பு மொத்தமும் என்னைக் கைவிட்டது.   ஓதிக்கொண்டிருந்த பெண்களும் ஓதலை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் இரண்டு தடவை கரண்ட் போனது. இரண்டு தடவையும் திரும்பி வந்தபோது எழுத்து மாறியிருந்தது. ஒரு தடவை ஹே என்கிற அரபு எழுத்துப் போல ஒன்று, ஒரு தடவை யாருக்கும் தெரியாத பாஷையில் ஏணி மாதிரி ஒன்று. மாமி ஒரு கொப்பி வாங்கி, எல்லா வடிவத்தையும் பார்த்துப் பார்த்துக் கீறத் தொடங்கினா. நேரமும் போட்டா. (நான் என் புரோகிராமுக்கு அந்த அளவு பதிவு வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திராது.) பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்து, கத்தாரில் இருக்கிற மகனுக்கு விசா நீடிக்குமா என்று வட்டவிதானையாரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டா. ஹஸ்ரத்துக்குச் செய்தி போய், அவர் வாசலில் நின்று, இதெல்லாம் ஈமானைக் கெடுக்கிற வேலை, மெஷினை நிறுத்துங்கள் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னது சரி. ஆனால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அது வாப்பாவாக இருந்தால்?

அன்று பின்னேரம் உம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். வெள்ளைச் சேலையில் அவ சின்னப் பிள்ளை மாதிரி இருந்தா. கோப்பையை வாங்காமல், என் முகத்தைப் பார்த்து, சாதாரணமாக, ஒவ்வொரு நாளும் கேட்கிற விசயம் போலக் கேட்டா.

"இண்டைக்கு என்ன சொல்லுறாரு?"

 தேத்தண்ணியை வைத்துவிட்டு வெளியே வந்து, முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். உம்மா நம்பத் தொடங்கிவிட்டா. நம்ப வைத்தது நான்.

நாலாம் நாள் காலை, முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு, என் புரோகிராமை மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். வேறு யாரோ எழுதியது என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது வரியில் இருந்தது.

சாவி. அதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. புரோகிராம் தொடங்கும்போது, கண்டபடி குலுக்கி ஒரு புதுச் சாவியை உண்டாக்கு என்று ஐந்தாவது வரி சொன்னது. அந்தச் சாவி கம்பியூட்டரின் நினைவில் மட்டும் இருக்கும். கரண்ட் போனால் சாவியும் போகும். கரண்ட் வந்தால், நான் பெருமையோடு செய்து வைத்த வித்தைப்படி மெஷின் தானே எழும்பி, புதிதாக இன்னொரு சாவியைக் குலுக்கி எடுக்கும். வாப்பா எழுதிய நாளில் இருந்த சாவி அடுத்த மின்வெட்டோடு தொலைந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வாப்பாவின் சொல்லை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அந்நியச் சாவியால் திறந்திருக்கிறேன். நான் தேர்ந்தெடுத்த முறைதான் கத்தாத முறையாயிற்றே. அதுவும் ஒவ்வொரு தடவையும் மறுபேச்சில்லாமல் புதுக் குப்பையை எடுத்து நீட்டியிருக்கிறது. நூன் என்பது நூனில்லை. ஏணி ஏணியில்லை.

பயம் போய்விட்டது. அதன் இடத்தில் வந்தது பயத்தைவிட மோசம். மறுமையிலிருந்து யாரும் எழுதவில்லை, நல்லது. ஆனால் ஒரு மணித்தியாலம் ஒற்றை விரலால் என் வாப்பா தட்டிய கடைசிச் சொல், எந்தச் சாவியாலும் இனித் திறக்காது. உலகத்தில் உள்ள எல்லாக் கம்பியூட்டரையும் ஒன்றாகக் கட்டினாலும் திறக்காது. அதை யாரும் வாசிக்காதபடி காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கை நன்றாகவே காப்பாற்றியிருந்தேன்.

உம்மாவிடம் போய்ச் சொன்னேன். மாமியும் அங்கே கொப்பியோடு இருந்தா. சாவியைப் பற்றி, கரண்டைப் பற்றி, குப்பையைப் பற்றி எல்லாம் சொன்னேன். மாமிக்கு ஒன்றும் ஏறவில்லை. உம்மாவுக்கு விளங்கவேண்டியது விளங்கியது.

"அப்ப," என்றா உம்மா, "அவரு ஒண்டும் சொல்லயில்லியா?"

நான் பதில் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. குசினியில் பிரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. வெளியே கடலும் கேட்கவில்லை, காகமும் கேட்கவில்லை. உம்மா என் கையைப் பிடித்தா. நகம் தோலுக்குள் இறங்கியது. 

உம்மாவின் போன் அடித்தது. நீளமான, தெரியாத நம்பர். நான் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன். முதலில் காற்றுச் சத்தம். பிறகு தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஒவ்வொரு சொல்லும் இரண்டிரண்டு தடவை எதிரொலித்துக்கொண்டு, அந்தக் குரல்.

"ஹலோ... கேக்குதா... இவடத்தான் இரிக்கன்!"

மாமியின் கொப்பி கீழே விழுந்தது. மாமி அதற்கு மேல் விழுந்தா. நான் போனை உம்மாவிடம் நீட்டினேன். உம்மா வாங்கவில்லை. சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டு என் காதுக்குள் சொன்னா:

"நான் இத்தாவுல இரிக்கக்குள்ள ஆம்புளையோட கதைக்கப்படாது, மகள்."

போன் என் கையில் ஸ்பீக்கரில் இருந்ததால் அது அங்கேயும் கேட்டுவிட்டது.

"இத்தாவா?" என்றார் வாப்பா. "ஆரு மௌத்து?"

 உம்மா முகத்திலிருந்து சேலையை எடுக்காமலே சொன்னா. "நீங்கதான்."

வாப்பா தொண்டையைச் செருமினார்.

"எப்ப?"

"பெருநாளைக்கு."

"யா அல்லாஹ்," என்றார் வாப்பா, உண்மையாகவே கவலைப்பட்ட குரலில். பிறகு அவருக்கு ஏதோ வெளித்தது. "அதுதான் கந்தோர்க்காரன் போன வச்சவன்!"

நடந்தது இவ்வளவுதான். மினாவில் சனநெரிசலில் போன் விழுந்து மிதிபட்டுப்போனது. எல்லோருடைய நம்பரும் அதற்குள். பொத்தானும் அதற்குள். வாப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்று, நீர்ப்பாசன அலுவலகமான கந்தோருடையது. முப்பது வருடம் தண்ணீர் திறக்கச் சொல்லி எடுத்த நம்பர். பெருநாள் லீவு முடிந்து கந்தோர் திறந்ததும், கூட இருந்த ஒருவரின் போனில் எடுத்திருக்கிறார். மூன்று நாள் முன்னால் ஒலிபெருக்கியில் இன்னாலில்லாஹி சொல்லிக் கேட்ட கிளாக்கர், அந்தக் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு ஓதத் தொடங்கிவிட்டார். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை எடுத்தவர் புதிதாக வந்த சிங்கள அலுவலர். அவருக்கு வாப்பா மௌத்தான செய்தி தெரியாது என்பதால் எங்கள் நம்பரைத் தேடிக் கொடுத்திருக்கிறார்.

உம்மா அன்று அழுதா. நாலு நாள் அழுகையையும் சேர்த்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கதைக்காமல் அழுதா. வாப்பாவும் ஒன்றும் கதைக்கவில்லை. வாப்பா பிடித்திருப்பது யாருடைய போனோ என்ற கவலை கூட இல்லாமல் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். கரண்ட் வந்ததும் முன்னறையில் கம்பியூட்டர் தானே எழும்பியது. நான் போய் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

அஸருக்கு ஒலிபெருக்கியில் மறுப்பு அறிவித்தார்கள். ஹஸ்ரத் அறிவித்துவிட்டு வந்து, என்னைத் திட்டவில்லை. அதுதான் பெரிய தண்டனை. 'பிழை ஒண்டும் காட்டயில்ல' என்று நான் சொன்னதைத் தான் நம்பியது தன் பிழை என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. போனால், சுகமா என்று எல்லாரும் கேட்பார்கள், கேட்டுவிட்டு விரலால் பொத்தான் அமர்த்திக் காட்டுவார்கள்.

வாப்பா ஸம்ஸம் தண்ணியோடும் பேரீச்சம்பழத்தோடும் வந்து இறங்கிய அன்று, உம்மா பச்சைச் சேலை உடுத்து வாசலில் நின்றா. ஊரே நின்றது. எல்லோருக்கும் முன்னால் உம்மா சொன்னதுதான் எங்கள் வீட்டின் நிரந்தரப் பகிடியாகிவிட்டது.

"இத்தாவுல நாலு நாள் இரிந்து முடிச்சிட்டன். ஒங்களுக்கு இனி மிச்சம் நாலு மாசம் ஆறு நாள்தான்."

வசிய்யத்தில் என்ன எழுதினார் என்று கேட்டோம். வாப்பா கையை ஆட்டினார். மாமி நச்சரித்தபோது, அது மௌத்தானவருடைய வசிய்யத்து, நான் ஹயாத்தாக இருக்கிற ஆள், எனக்குத் தெரியாது என்றார். மாமிக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. சாவிக் கதையை அவ இன்று வரை ஏற்கவில்லை. அப்படியென்றால் கொப்பியில் உள்ளதை எழுதியது யார் என்று என்னைக் கேட்பா. கொப்பி இன்னும் அவவிடம் இருக்கிறது.

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். அந்தக் கத்தாத முறையில் குப்பையின் நீளமும் உள்ளே இருக்கிற எழுத்தின் நீளமும் ஒன்று. அளந்து பார்த்தேன். வயல் பிரிப்பு, வீடு, வாய்க்கால் என்று பக்கம் பக்கமாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரே ஒரு வரி. அதுவும் சின்ன வரி. உம்மாவிடம் சொன்னபோது முதலில் கோபம் வந்தது. முப்பத்தாறு வருடம் சோறு போட்டதற்கு ஒரு வரியா? பிறகு, ஒரு மணித்தியாலமும் அந்த ஒரு வரிக்கா என்று கேட்டா. ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவ அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் என்னை மன்னிக்கவும் இல்லை. தன்னை விதவையாக்கியதற்கு எப்போதோ மன்னித்துவிட்டா. அந்த வரியைத் தொலைத்ததற்குத்தான்.

இப்போது நான் கொழும்பில் இந்தத் தொழிலில்தான் சம்பளம் வாங்குகிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, சாவியை எங்கே வைப்பாய் என்பது. இரண்டாவது கேள்வி, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. ஏன் இந்த அக்கா இப்படிக் கேட்கிறா என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வாப்பாவின் குப்பையை மட்டும் அழிக்கவில்லை, என்னிடம் வைத்திருக்கிறேன். அவர் கரண்ட் போகும்போது சொல்லுகிற அந்த வசனத்தை ஒரு தடவை அதன் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அந்த நீளத்துக்கு வேறு ஆயிரம் வசனமும் பொருந்தும் என்பதும் எனக்குத் தெரியும்.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, பிரிட்ஜ் நின்றது. உம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. பின்வளவில் மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்த வாப்பா, எழுபத்தொரு வயதில், தெருவே கேட்கக் கூப்பிட்டார்.

"இவடத்தான் இரிக்கன்!"

உம்மா மூச்சை விட்டா. கோப்பையைக் கவிழ்த்து வைத்தா.

"இரிங்க, இரிங்க," என்றா. "மிச்சம் நாலு மாசம் ஆறு நாள். எனக்கு அவசரமில்ல."